நானூற்று மூன்றாவது ஓட்டு

ஜன்னலோரம் நீங்களே இருங்க தம்பி. எனக்கு இந்த ஓரத்து இடம்தான் தோது. முன்னால மூணாவது சீட்டுல, பச்சைச் சேலை கட்டி, மடியில மஞ்சப்பையை வெச்சு உட்கார்ந்திருக்காளே ஒரு பொம்பிளை, அவள் மேல ஒரு கண் இருக்கணும். அவ திரும்பிப் பார்த்தா நான் சிரிக்கணும். சிரிக்கலேன்னா என்னமோ ஏதோன்னு எழுந்து வந்துடுவா.

விரலா? ஒண்ணுமில்லை. தேங்காய் துருவும்போது பட்டுடுச்சு.

நான் கட்சி ஆபீசுக்குப் போறேன். விளக்கம் கேட்டிருக்காங்க. யார்கிட்டன்னு நினைக்கிறீங்க? என்கிட்ட! இந்த ஆவுடையப்பன்கிட்ட! நாற்பத்தோரு வருஷமா பூத் ஏஜென்ட்டா உட்கார்ந்து தேய்ஞ்சவன்கிட்ட! "தங்கள் சாவடியில் முப்பத்தொரு சதவீத வாக்குகளே பதிவானதற்கான காரணத்தை நேரில் வந்து விளக்கவும்"னு ஒரு கடுதாசி. கையெழுத்துப் போட்டவன் வயசு என் செருப்போட வயசு இருக்கும்.

பூத் ஏஜென்ட்னா தெரியும்ல? ஓட்டுச் சாவடிக்குள்ள கட்சி சார்பா உட்கார்ந்திருப்போம். கையில வாக்காளர் பட்டியல். வர்ற ஆளு நிஜ ஆளுதானான்னு முகத்தைப் பார்த்து, பேருக்கு நேரே ஒரு டிக். அவ்வளவுதான் வேலை. ஆனா அதைச் செய்ய ஒரு கண் வேணும். நான் முகத்தைப் பார்க்கிறதில்லை தம்பி, நடையைப் பார்ப்பேன். வாசப்படி ஏறுற தினுசுலயே எந்தச் சின்னத்துல அமுக்கப் போறான்னு சொல்லிடுவேன்.

அந்தக் காலத்துல என் பூத்துல நூத்துக்கு எண்பதுக்குக் கீழே போனதில்லை. ஒரு தேர்தல்ல, சாயங்காலம் நாலு மணி, ஒரு சவ ஊர்வலம் வருது. தூக்கிக்கிட்டு வர்ற நாலு பேரும் ஓட்டுப் போடலை, என் பட்டியல்ல டிக் இல்லை. விடுவேனா? பாடையைச் சாவடி வாசல்ல இறக்கச் சொன்னேன். ஒருத்தன் பாடைப் பக்கம் காவல், மூணு பேர் உள்ளே. அப்புறம் ஆள் மாத்தி அவனும் உள்ளே. கொட்டு அடிக்கிறவன், சங்கு ஊதுறவன், எல்லாருக்கும் விரல்ல மை. பாடையில இருந்தவர் மட்டும்தான் ஓட்டுப் போடலை. அவர் எதிர்க்கட்சி.

சிரிக்கிறீங்க. நம்பலை. நம்ப வேண்டாம். கொட்டு அடிச்சவன் மகன் இன்னும் உயிரோடதான் இருக்கான், கேட்டுக்குங்க.

அப்படிப்பட்டவனுக்கு இப்ப முப்பத்தொரு சதவீதம். ஆயிரத்து முந்நூற்று ஆறு ஓட்டு உள்ள வார்டுல நானூத்து ரெண்டு பேர் வந்திருக்கான். சோறு இறங்குமா சொல்லுங்க.

நடந்தது இதுதான். எங்க ஒன்பதாவது வார்டு கவுன்சிலர் தை மாசம் தவறிட்டார். அந்த ஒரு நாற்காலிக்கு மட்டும் தேர்தல். அதுக்கு சர்க்கார் வெச்ச பேரு என்ன தெரியுமா? தற்செயல் தேர்தல். பேரை அப்படி வெச்சா ஜனமும் தற்செயலாத்தானே வருவான்? பெரிய தேர்தல்னா டிவியில சத்தம், மைதானத்துல ஹெலிகாப்டர். இதுக்கு எங்க தெரு வாறுகாலைத் தவிர வேற விஷயமே கிடையாது. அடைச்சுக்கிட்டு, அங்கன்வாடி வாசல்ல சாக்கடைத் தண்ணி முழங்கால் அளவுக்கு நிக்குது. அதைத் தாண்டித்தான் பிள்ளைகள் முட்டை திங்கப் போகுது.

அந்த அங்கன்வாடியில உதவியாளரா இருந்தவதான் முன்னால உட்கார்ந்திருக்கிற பேச்சித்தாய். வாறுகாலுக்காக ஒன்பது மனு எழுதினவ. "மனு எழுதுற கையால கையெழுத்துப் போடுற இடத்துக்கு வாம்மா"ன்னு கட்சியில நான்தான் அவ பேரைச் சொன்னேன். ஒரு சிக்கல் இருந்துச்சு. சர்க்கார் சம்பளம் வாங்குறவ தேர்தல்ல நிக்கக் கூடாது. வேலையை ராஜினாமா பண்ணணும். பதினாறு வருஷ வேலை.

"மாமா, தோத்துட்டா என் பாடு என்ன ஆகும்?"னு கேட்டா.

"தோக்கிறதா? ஏ பேச்சி, கவுன்சிலர் நாற்காலியைத் துடைச்சு வெச்சுட்டுல்ல வந்து நிக்கேன்! எழுதிக் கொடு கடுதாசியை"ன்னேன்.

எழுதிக் கொடுத்துட்டா. அவ வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. அது கிடக்கட்டும்.

நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. வீடு வீடா ஏறினேன். நோட்டீசைக் கொடுத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போற சாதி இல்லை நான். ஒவ்வொரு வீட்டுலயும் உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடிச்சு, தெம்பா நாலு வார்த்தை. "கணக்குப் பார்த்தாச்சு, ஆயிரம் ஓட்டு வித்தியாசம். எதிராளிக்கு டெபாசிட் கிடைக்காது. அவன் வீட்டுக்காரியே நமக்குத்தான் போடப் போறா"ன்னேன். ஜனத்துக்கு ஒரு தைரியம் வேணும்ல? ஜெயிக்கிற பக்கம் நிக்கிறோம்னு ஒரு குளிர்ச்சி வேணும்ல? சிலருக்கு ஆயிரத்து நூறுன்னுகூடச் சொன்னேன். எல்லாரும் சந்தோஷமாத் தலையை ஆட்டினாங்க. ஒருத்தர்கூட மறுத்துப் பேசலை தம்பி. அவ்வளவு ஆதரவு!

அப்புறம் தேர்தல் நாள். சனிக்கிழமை. காலையில ஆறு மணிக்கே சாவடிக்குள்ள இருந்தேன். ஓட்டு ஆரம்பிக்கும் முன்னால மாதிரி ஓட்டுன்னு ஒண்ணு நடக்கும். மிஷின் ஒழுங்கா இருக்கான்னு பார்க்க ஏஜென்ட்டுகளையே பொத்தானை அமுக்கச் சொல்வாங்க. ஐம்பது தடவை அமுக்கினதும் எண்ணிக் காட்டிட்டு, மொத்தத்தையும் அழிச்சுட்டு, சீல் வெச்சு, ஏழு மணிக்கு நிஜ ஓட்டு. என் முறை வந்துச்சு. நம்ம சின்னத்துல ஒரு அமுக்கு. கீ...ன்னு சத்தம். அடடா, என்ன சத்தம்! உடனே வந்து பட்டியலை விரிச்சு, என் பேருக்கு நேரே முதல் டிக். அது என் பழக்கம். நாற்பத்தோரு வருஷமா என் பூத்துல முதல் டிக் என் பேருக்குத்தான், பிள்ளையார் சுழி மாதிரி.

அதுக்கப்புறம் கூட்டத்தைக் காணோம். எட்டு மணிக்கு நாற்பது பேர். ஒன்பதுக்கு ஒரு எண்பது. பத்துக்கு மேல ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு கீச். மத்தியானம் ஒரு நாய் உள்ளே வந்து, வரிசைக்குக் கட்டியிருந்த கயித்துக்குள்ள ஒழுங்கா நின்னுச்சு. வரிசையில அது மட்டும்தான் நின்னுச்சு தம்பி. அதிகாரி எழுந்து முகத்தைப் பார்த்தார், பேரு இருக்குமோன்னு.

எங்கே போச்சு ஊரு? குற்றாலத்துக்குப் போயிருக்கு! ஓட்டுப் போடுன்னு லீவு விட்டாங்க. சாரல் சீசன். வேன் பிடிச்சு அருவிக்குப் போயிட்டான் எங்க தெருக்காரன் வேலாயுதம். ஒரே வேன்ல பதினெட்டு ஓட்டு. சாயங்காலம் தலை ஈரத்தோட வந்து இறங்குறான், எனக்கு ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ் வேற வாங்கிட்டு வந்திருக்கான்.

"ஏலே, ஓட்டு?"ன்னேன்.

"என்ன அண்ணாச்சி, நீங்கதானே ஆயிரம் வித்தியாசம்னு சொன்னீங்க! அவனுக்கு டெபாசிட்டே கிடைக்காது, எங்க பதினெட்டு இல்லேன்னா என்ன கெட்டுப் போகுது? இந்தாங்க, சூடா இருக்கு"ங்கிறான்.

பார்த்தீங்களா திமிரை? பொறுப்பு இருக்கா?

தாலுகா ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவங்க சாந்தகுமாரி அம்மா. படிச்சவங்க. அவங்க என்ன சொல்றாங்க? "முட்டி வலியோட நான் நடந்து வந்து உங்க ஆயிரத்தை ஆயிரத்து ஒண்ணா ஆக்கணுமாக்கும்?"னு கேட்கிறாங்க. படிச்சவங்க பேசுற பேச்சா இது?

கொத்தனார் பரமசிவம் இன்னும் மோசம். அவன் சாவடிக்கு எதிர்த்த டீக்கடையிலேயே காலையில இருந்து உட்கார்ந்திருந்தான். நூறடி தூரம். "அதான் நீரு உள்ளே இருக்கீருல்லா, பார்த்துக்கிட மாட்டீரா?"ங்கிறான். நான் என்ன அவனுக்கும் சேர்த்து அமுக்கவா முடியும்? இப்படி வீட்டுக்கு வீடு ஒரு சாக்கு. எல்லாப் பயலும் கடைசியில என் பேரை இழுக்கிறான். தன் சோம்பலுக்கு அடுத்தவனைக் காரணம் சொல்றது இந்த ஊருக்கே உள்ள குணம்.

இப்ப கட்சிக்காரன் கண்டுபிடிச்சிருக்கிற வைத்தியத்தைக் கேளுங்க. கையில சிலேட்டு மாதிரி பெரிய போனை வெச்சுக்கிட்டு ரெண்டு பையன்களை ஏதோ கம்பெனியில இருந்து அனுப்பினாங்க. "ஏன் வாக்களிக்கவில்லை? அ, ஆ, இ, ஈ, ஒன்றைத் தேர்வு செய்க." எங்க ஊர்ல எல்லாரும் ஈயைத் தேர்வு பண்ணிட்டான். 'கருத்து இல்லை'. அடுத்த தேர்தலுக்குச் சாவடி வாசல்ல போட்டோ எடுக்க அலங்கார வளைவு வைக்கணுமாம். தெருவுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு வேணுமாம். குழு ஏற்கனவே இருக்கு தம்பி. நாற்பது பேர் அதுல காலை வணக்கம் போடுறான், ரோஜாப்பூ போடுறான். ஓட்டு மட்டும் போடலை. தேர்தல் அன்னிக்கு அருவிப் படம் போட்டிருந்தான் வேலாயுதம். நாற்பது பேரும் கைதட்டியிருக்கான்.

என்ன? விரலா? அதான் சொன்னேனே, அணில் கடிச்சதுன்னு.

தேங்காய்னா சொன்னேன்? ரெண்டும்தான். தேங்காய் துருவிக்கிட்டு இருந்தேன், துருவலைத் திங்க அணில் வந்துச்சு. நீங்க நல்லா காது கொடுத்துக் கேட்கிறீங்க. பஸ்ல இப்படி ஆள் கிடைக்கிறது கஷ்டம்.

அவ திரும்பிப் பார்க்கிறா. இருங்க. சிரிச்சாச்சு.

சாயங்காலம் ஓட்டு முடிஞ்சதும் மொத்தம் எவ்வளவுன்னு அதிகாரி சொல்வார், ஏஜென்ட்டுக எழுதிக்கணும். "நானூத்து ரெண்டு"ன்னார். நான் என் பட்டியலைப் பார்த்தேன். நானூத்து மூணு டிக். மறுபடியும் எண்ணினேன். நானூத்து மூணு.

"அய்யா, ஒரு ஓட்டைக் காணோம்"னேன்.

"மிஷின் நானூத்து ரெண்டுதான் காட்டுது பெரியவரே. என் பதிவேட்டுலயும் அதுதான்."

"மிஷினுக்கு என்ன தெரியும்? அது போன வருஷம் வந்தது, நான் நாற்பத்தோரு வருஷமா வர்றேன்!"

எதிர்க்கட்சி ஏஜென்ட் சங்கிலிபூதம் இருக்கான், என்னைவிட ரெண்டு வயசு இளையவன், அவன் பட்டியல்லயும் நானூத்து ரெண்டு. "வேய் ஆவுடை, உமக்கு வயசாயிட்டு. தூக்கத்துல ஒண்ணு கூடப் போட்டிருப்பீரு"ன்னு இளிச்சான். எனக்கு வந்துச்சே கோபம்! கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். அரைமணி நேரம் சண்டை. போலீஸ்காரர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் போட்டேன். வெளியே வந்து டீக்கடையில, தெருவுல, குழாயடியில, எல்லா இடத்துலயும் சொன்னேன். 'ஒரு ஓட்டை முழுங்கிட்டான்!' சொல்லச் சொல்லக் கதை நல்லா உருண்டு வந்துச்சு. மிஷினோட வயரை ஒருத்தன் தொட்டதைப் பார்த்தேன்னு வரைக்கும் வந்துடுச்சு.

மூணாம் நாள் எண்ணிக்கை. பேச்சித்தாய் நூத்து எண்பத்தொன்பது. எதிராளி நூத்து எண்பத்தொன்பது. மிச்சம் சில்லறை ஆளுகளுக்கு இருபத்து நாலு. சமம்! சமம்னா சட்டம் என்ன சொல்லுது? குலுக்கல். பதினாறு வருஷ வேலையை விட்டுட்டு வந்த பொம்பிளையோட தலையெழுத்தை ரெண்டு துண்டுக் காகிதத்துல எழுதி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டுக் குலுக்குறாங்க. முறுக்கு டப்பா தம்பி. ஓரத்துல எண்ணெய்ப் பிசுக்குகூடப் போகலை. அதிகாரி கையை விட்டார், எடுத்தார், விரிச்சார். அவன் பேரு.

பேச்சி அழலை. அதிகாரியைக் கும்பிட்டா, ஜெயிச்சவனையும் கும்பிட்டா. வெளியே வந்து என் பக்கத்துல உட்கார்ந்தா. மெள்ளக் கேட்டா, "மாமா, ஒரு ஓட்டைக் காணோம்னு சொன்னீங்களே... அது நம்ம ஓட்டா இருக்குமோ?"

அங்கே பிடிச்சது சனியன். இந்தப் பேச்சு கட்சி ஆபீசுக்குப் போச்சு. முப்பத்தொரு சதவீதத்துக்கு விளக்கம் கேட்டு மிரட்டினவன் இப்ப போன்ல "அண்ணாச்சி, அண்ணாச்சி"ங்கிறான். ஜனம் ஏன் வரலேன்னு ஆராய்ச்சி பண்றதைவிட, வந்த ஒரு ஓட்டைத் திருடிட்டான்னு கேஸ் போடுறது சுலபம் பாருங்க. வக்கீல் தயார். சாட்சி நான். இன்னிக்குக் கையெழுத்துப் போடத்தான் போறோம். விளக்கம், சாட்சி, ரெண்டையும் ஒரே நடையில முடிச்சுடலாம்னு சொல்லியிருக்காங்க.

அதுல ஒரு முள் இருக்கு. பேச்சி விட்ட வேலை இன்னும் காலியாத்தான் கிடக்கு. அங்கன்வாடி சூப்பர்வைசர் அம்மா நல்லவங்க. "பழைய ஆளுக்கு முன்னுரிமை உண்டு, விண்ணப்பம் கொடு பேச்சி, இன்னிக்குச் சாயங்காலம்தான் கடைசி"ன்னு வீட்டுக்கே வந்து தாளைக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. அந்தத் தாள் அவ மடியில இருக்கிற மஞ்சப்பையிலதான் இருக்கு. எழுதலை. "கேஸ்ல நம்ம பக்கம்தான் தீர்ப்பு வரும்னு மாமா சொல்லுதாக. அப்புறம் எதுக்கு அந்த வேலை? வேற யாராச்சும் இல்லாதவங்க வாங்கிக்கிடட்டும்"னு நேத்து அவ வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தா. நான் வாசல்ல நின்னு கேட்டேன். உள்ளே போகாம வந்துட்டேன்.

ஏன்னு கேட்கிறீங்களா?

தேர்தலுக்கு மறுநாள் காலையில பல் விளக்கப் போனேன். எனக்குப் பல்பொடிதான். இடது உள்ளங்கையில பொடியைக் கொட்டுறேன். கையைப் பார்க்கிறேன். ஆள்காட்டி விரல் பளிச்சுன்னு இருக்கு. கழுவிப் போட்ட வெண்டைக்காய் மாதிரி. மை இல்லை.

பொடியைக் கொட்டினது கொட்டினபடி நிக்கிறேன். மாதிரி ஓட்டுல அமுக்கினேன்ல, அதோட சரி. அந்த ஐம்பதோட சேர்த்து அதையும் அழிச்சுட்டாங்க. கீ...ன்னு சத்தம் காதுல விழுந்ததும், பழக்க தோஷம், டிக் போட்டுட்டு உட்கார்ந்துட்டேன். நாள் முழுக்க மிஷினுக்கு நாலடி தூரத்துலதான் தம்பி உட்கார்ந்திருந்தேன். டீ குடிச்சேன், வடை தின்னேன், நாயை விரட்டினேன். எழுந்து போய் ஒரு அமுக்கு அமுக்கலை. நானூத்து மூணாவது ஓட்டு மிஷின்ல ஏறவே இல்லை.

மெதுவாப் பேசுறேன், நீங்களும் முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. அவ பார்க்கிறா.

ஓட்டு மை ஒரு மாசத்துக்குப் போகாது. வர்றவன் போறவன் எல்லாம் விரலைப் பார்ப்பான். அதனால ஒரு துணியைச் சுத்தினேன். அணில் கடிச்சதுன்னேன். எல்லாரும் நம்பினான். பாடைக் கதையை நம்பாத பயலுக இதை நம்புறான்! பேச்சி இருக்காளே, அவ அன்னிக்கே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு எடுத்துட்டு வந்துட்டா. "அணில் பல்லு விஷம் மாமா, அசட்டையா இருக்காதீங்க"ன்னு. அவிழ்க்கக் கூடாது, மந்திரிச்சிருக்குன்னு சொல்லி விரலைக் கொடுக்கலை. அதுக்கும் சரின்னு, மந்திரிச்ச துணிக்கு மேலேயே பத்துப் போட்டு, தன் பழைய சேலையைக் கிழிச்சு இறுக்கி ஒரு கட்டு. பதினாறு வருஷம் பிள்ளைகளுக்குக் கட்டுப் போட்ட கை. முடிச்சு அசையாது.

இன்னிக்குக் காலையில பஸ் ஏறும்போது என்ன சொன்னா தெரியுமா? "முதல்ல ஆஸ்பத்திரியில இறங்கி உங்க விரலைக் காட்டுவோம் மாமா. கேஸ் எங்கே ஓடிப் போகுது?"

நான் பொய் சொல்றவன் இல்லை தம்பி. ஒண்ணு ரெண்டு சேர்த்துச் சொல்வேன், அது வேற. கேட்கிறவனுக்கு ருசியா இருக்கட்டும்னு சொல்றது. இதுவரைக்கும் என் கதையால யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை. இந்த ஒரு டிக்தான் காலை வாரிடுச்சு. நான் ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா நூத்துத் தொண்ணூறு. டப்பாவும் இல்லை, குலுக்கலும் இல்லை. அதை ஒத்துக்கிறேன். ஆனா மத்த தொள்ளாயிரத்து மூணு பேரும் ஏன் வரலை? அவ்வளவு தூரம் வீடு வீடா ஏறித் தைரியம் சொல்லிட்டு வந்தேனே! அதுதான் எனக்கு இன்னும் விளங்கலை.

இது எந்த இடம்? பாலம் தாண்டிட்டோமா? அப்ப அடுத்தது கலெக்டர் ஆபீஸ். அங்கன்வாடிக்காரங்க ஆபீசும் அதே வளாகம்தான். அதுக்கு அடுத்ததுதான் ஆஸ்பத்திரி. கட்சி ஆபீஸ் கடைசி நிறுத்தம்.

உங்க சட்டைப் பையில இருக்கிறது என்ன பேனா? மார்க்கரா? கறுப்பா? ஏறினதுல இருந்து அதைத்தான் பார்த்துக்கிட்டே வர்றேன். நகத்துல இருந்து கீழே ஒரு கோடு இழுத்தா மை மாதிரியே இருக்கும்ல? சேலைத் துணியை அவிழ்த்துட்டு, மறைவா ஒரு நிமிஷம்... கொடுங்க, சும்மா பார்த்துட்டுத் தர்றேன்.

ம்.

வேண்டாம். இந்தாங்க, மூடியை இறுக்கிப் போடுங்க, காய்ஞ்சுடும்.

இந்த முடிச்சை மட்டும் கொஞ்சம் அவிழ்த்து விடுங்க தம்பி. ஒத்தைக் கையால முடியலை. பல்லால கடிச்சும் பார்த்துட்டேன். அந்த நுனியை இழுங்க. அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம். சரியா வருது, சரியா வருது. கடைசிச் சுத்தை நானே பார்த்துக்கிறேன்.

கண்டக்டர்! கலெக்டர் ஆபீஸ்ல ஒரு ஆள் இறங்கணும்! நிறுத்திக் கொடுங்க!

ஏ பேச்சி! பேச்சித்தாய்! அந்தத் தாளை எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் பின்னால வா தாயி. ஒண்ணு காட்டணும்.

தம்பி, அவ வந்ததும் நீங்க ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருங்க. அணில் கினில்னு வாயைத் திறந்துடாதீங்க.